மருத்துவமனை பில், காப்பீடு, மருந்துச் செலவு: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

தனியார் மருத்துவமனைகளில் பில்லிங் பிரிவிலும், பிறகு காப்பீட்டு மேசையிலும் 22 வருடம் வேலை பார்த்தவள் நான். ஓய்வுக்குப் பிறகு, பில்லைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பவர்களுக்கு அதைப் படித்துச் சொல்லி வருகிறேன். பலருக்கும் பயன்படும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டேன். என் சொந்தக் கருத்தும் சேர்ந்தேதான் வரும்.

அக்கா, அப்பாவுக்கு 3 லட்சம் பாலிசி. பில் 1,80,000 வந்தது. கம்பெனி 1,10,000 மட்டும் கொடுத்தது. ரூம் வாடகை அதிகம் என்கிறார்கள். வாடகையில் வித்தியாசம் 15,000 தானே? (திருப்பூர்)

அதிகம் பேர் அடிபடுவது இந்த இடத்தில்தான், தம்பி. நீங்கள் அனுப்பிய பில்லையே எடுத்துக்கொள்வோம்.

உங்கள் பாலிசியில் ஒரு நாள் ரூம் வாடகைக்கு, பாலிசித் தொகையில் 1 சதவீதம் என்று வரம்பு, அதாவது 3,000 ரூபாய். நீங்கள் எடுத்தது 6,000 ரூபாய் ரூம், 5 நாள். 30,000-இல் பாதி போயிற்று. அதோடு நிற்பதில்லை. டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்ந்து 90,000. வரம்பைப் போல இரண்டு மடங்கு ரூம் எடுத்ததால் இதிலும் பாதியை வெட்டிவிட்டார்கள். 45,000 போயிற்று. கையுறை, முகக்கவசம் மாதிரி சில்லறைப் பொருள்கள் 10,000. அவை பல பாலிசிகளில் வராது. மருந்தும் பரிசோதனையும் 50,000. அதை முழுதாகக் கொடுத்திருக்கிறார்கள். 15 + 45 + 50, ஆக 1,10,000. கணக்கு சரிதான்.

மருந்து, உடலுக்குள் பொருத்தும் கருவிகள், பரிசோதனை, ஐசியூ ஆகியவற்றில் இந்த விகித வெட்டு கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. உங்கள் பில்லில் வெட்டவில்லை. ஆனால் வெட்டிய பில்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் வாசிப்பவர்கள் உங்கள் பில்லில் இதைத் தவறாமல் பாருங்கள்.

அட்மிஷன் போடும்போது, "என் பாலிசிக்கு எவ்வளவு வாடகை வரை எடுக்கலாம்?" என்று காப்பீட்டு மேசையில் கேளுங்கள். அந்த வாடகையில் ரூம் காலியில்லை என்றால் அதை எழுதி வாங்குங்கள்.

எனக்கு இன்றும் ஆறாத கேள்வி ஒன்று உண்டு. அதே டாக்டர், அதே தியேட்டர், அதே தையல். நோயாளி ஏசி ரூமில் படுத்தால் ஆபரேஷன் கட்டணம் ஏன் கூட வேண்டும்? ரூமுக்கு ரூம் வாடகை மாறலாம். சிகிச்சைக் கட்டணம் மாறக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தாலே பாதிப் பேர் தப்பித்துவிடுவார்கள்.

டிஸ்சார்ஜ் என்று காலை 10 மணிக்குச் சொன்னார்கள், இரவு 8 மணிக்குத்தான் விட்டார்கள். இது சரியா? (சேலம்)

சரியில்லை. மருத்துவமனை இறுதி பில்லை அனுப்பிய 3 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும் என்று 2024-இல் விதி வந்தது. தாமதத்தால் கூடும் தொகையை நிறுவனமே ஏற்க வேண்டும். ஆனால் பல இடங்களில் பில்லை அனுப்புவதற்கே மதியம் ஆகிவிடுகிறது. எத்தனை மணிக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டென்ட் விலையை அரசு குறைத்ததாகச் சொன்னார்கள். என் மாமனாருக்கு ஆன மொத்தச் செலவு அப்படியொன்றும் குறைந்ததாகத் தெரியவில்லையே? (நாகர்கோவில்)

குறைத்தது உண்மை. 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு (அடைபட்ட இதயக் குழாயைத் திறந்து வைக்கும் சின்னக் குழல்) 29,600 ரூபாய் என்று உச்ச விலை வைத்தார்கள். அதுவரை ஒரு லட்சத்துக்கு மேல் விற்ற ஸ்டென்ட்கள் உண்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் முழங்கால் மூட்டு மாற்றுக் கருவிகளுக்கும் உச்ச விலை வந்தது. ஸ்டென்ட் விலை பின்னர் கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனால் பழைய நிலைக்குப் போகவில்லை.

ஸ்டென்ட் விலை குறைந்த அந்த மாதம் நான் வேலை பார்த்த இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஸ்டென்ட் வரியில் குறைந்த தொகை, பத்து நாளில் மற்ற வரிகளில் ஏறிக்கொண்டது. பலூன், கதீட்டர், கேத் லேப் (ஸ்டென்ட் வைக்கும் கூடம்) கட்டணம், 'செயல்முறைக் கட்டணம்' என்று எல்லாமே கூடின. பேக்கேஜ் தாளைத் திருத்தித் தட்டச்சு செய்தவள் நான். அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

இது ஒரு ஊர்க் கதையும் இல்லை. 2018-இல் டெல்லி வட்டாரத்தில் நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களை மருந்து விலை ஆணையம் அலசியது. சில பொருள்களில் 1,737 சதவீதம் வரை லாபம் வைத்திருந்தது தெரிந்தது. அதிலும் விலைக் கட்டுப்பாட்டுக்குள் வராத மருந்துகளிலும் சில்லறைப் பொருள்களிலும்தான் லாபம் குவிந்திருந்தது. ஒரு பொருளுக்கு மட்டும் விலை கட்டினால் பணம் அடுத்த பொருளுக்கு ஓடிவிடும். மொத்தச் சிகிச்சைக்கும் ஒரு கட்டண வரம்பு வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

மருத்துவமனைக்குள் இருக்கும் மருந்துக் கடையிலேயே வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தலாமா?

இதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 மார்ச்சில் நீதிமன்றம் தானாக உத்தரவு போடாமல், மாநில அரசுகள் கொள்கை வகுக்கட்டும் என்று விட்டுவிட்டது. எனக்கு அதில் ஏமாற்றம்தான். வெளியே வாங்கிவர அனுமதி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் மறுக்கப் பலரும் தயங்குவார்கள்.

அப்பா அம்மா இருவருக்கும் சர்க்கரை, பிரஷர். மாத்திரைக்கே மாதம் 4,000 ஆகிறது. இது காப்பீட்டில் வருமா? (விருதுநகர்)

பெரும்பாலும் வராது, தங்கச்சி. நம் காப்பீடுகள் அதிகமும் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும். மாதாமாதம் சிறுகச் சிறுகக் கரையும் பணத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

டாக்டரிடம் பிராண்ட் பெயருக்குப் பதில் மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தச் சீட்டோடு மத்திய அரசுத் திட்டமான மக்கள் மருந்தகத்துக்கோ, தமிழக அரசு 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்துக்கோ போங்கள். பல மாத்திரைகள் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். டாக்டரைக் கேட்காமல் நீங்களாக அளவையோ மருந்தையோ மாற்ற வேண்டாம்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த இரண்டு நோய்க்கும் மருந்து இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வீட்டுக்கே கொண்டுவந்தும் தருகிறார்கள். உங்கள் பகுதிக்கு வரும் களப்பணியாளரிடம் பெயர் கொடுங்கள்.

இலவச மாத்திரை தரமாக இருக்குமா என்று நீங்கள் தயங்குவது தெரிகிறது. 1994-இல் அமைத்த தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம், மாநிலம் முழுவதற்கும் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குகிறது. பரிசோதனைக் கூடத்துக்கு மாதிரி அனுப்பித் தேறிய பிறகே விநியோகம். கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன. என் தாயார் ஒன்பது வருடம் அந்த மாத்திரைதான் சாப்பிட்டார்.

மாதம் 15,000 சம்பளம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கிடைக்கவில்லை. தனியார் பாலிசி எடுக்கவும் வசதியில்லை. எங்களைப் போன்றவர்கள் எங்கே போவது? (கரூர்)

உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த அட்டைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு 72,000 ஆக இருந்தது. உங்கள் வருமானம் 1,80,000. வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். ஆனால் ஒரு ஆஞ்சியோபிளாஸ்டி (இதய அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைப்பது) செலவு உங்கள் ஒரு வருடச் சம்பளத்தைத் தின்றுவிடும்.

2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்து, 2012-இல் பெயர் மாறி, 2018-இல் மத்திய அரசுத் திட்டத்தோடு இணைந்து, இன்று ஆண்டுக்கு 5 லட்சம் வரை தரும் திட்டம் இது. பெரிய ஆபரேஷனுக்குப் பயந்து வீட்டிலேயே கிடந்த எத்தனையோ பேரை அது எழுப்பி நடக்க வைத்ததை என் மேசையிலிருந்து பார்த்தேன். அதனால்தான் வரம்பு இன்னும் உயர வேண்டும் என்கிறேன். ரேஷன் அட்டை வைத்திருக்கும் எல்லோருக்கும் தரலாம்.

நீங்கள் முதலில் ஊரில் இஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) இருக்கிறதா என்று பாருங்கள். சம்பளம் 21,000-க்குள் இருப்பதால், உங்கள் நிறுவனம் அந்தச் சட்டத்துக்குள் வந்தால் உங்களைப் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவானால் குடும்பத்துக்கே சிகிச்சை கிடைக்கும். பலருக்கு இது தெரியாமலே போகிறது.

பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்றார்கள். ஆனாலும் இந்த வருடம் கூடித்தான் வந்தது. பாலிசியை விட்டுவிடலாமா? (சென்னை)

விடாதீர்கள். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. அடிப்படைப் பிரீமியத்தை நிறுவனம் உயர்த்தினால் அந்த லாபம் கரைந்துவிடுகிறது. உங்களுக்கு 60 வயது தாண்டியிருந்தால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தைக் கேட்காமல் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. 5 வருடம் விடாமல் கட்டியவரிடம், மோசடி தவிர, பழைய நோயை மறைத்தீர்கள் என்று கிளைமை மறுக்க முடியாது. அந்த உரிமையை ஒரு வருடக் கோபத்தில் இழக்காதீர்கள். வேறு நிறுவனத்துக்கு மாற நினைத்தால் புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே விண்ணப்பியுங்கள்.

ஜி.எச்.சில் நாள் முழுக்க வரிசையில் நிற்பதற்குக் கடன் வாங்கித் தனியாரிடம் போகலாம். இலவசம் என்று பேசுவதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய். (மதுரை)

வரிசை உண்மை. படுக்கை போதாததும் உண்மை. அதற்காக உங்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வரிசை ஏன் நீள்கிறது? 2017 தேசிய சுகாதாரக் கொள்கை, 2025-க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதத்தை அரசுகள் மருத்துவத்துக்குச் செலவிட வேண்டும் என்றது. 2021-22 கணக்கில் அது 1.84 சதவீதம்தான். அதே கணக்கில், நாட்டின் மருத்துவச் செலவில் மக்கள் கைப்பணம் 39.4 சதவீதம். 2013-14-இல் 64.2 ஆக இருந்தது. குறைந்திருக்கிறது, சரி. இருந்தாலும் நூறில் 39 ரூபாய் நம் நகை, நம் நிலம், நம் கந்துவட்டி.

காப்பீட்டுக்குப் போகும் பணத்தைவிட, காலியிடங்களை நிரப்பவும் மாலை நேர வெளிநோயாளர் பிரிவு நடத்தவும் போகும் பணம் வரிசையைச் சீக்கிரம் குறைக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

கிளைமை முழுதாக மறுத்துவிட்டார்கள். வக்கீல் வைக்க வேண்டுமா? (தஞ்சாவூர்)

வேண்டாம். முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லை என்றாலும், காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர்) போகலாம். அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது. 50 லட்சம் வரையுள்ள வழக்கை எடுப்பார்கள். ஒரு வருடத்துக்குள் போய்விடுங்கள். மறுப்புக் கடிதம், டிஸ்சார்ஜ் சுருக்கம், பில் எல்லாவற்றிலும் நகலை மட்டும் கொடுங்கள். அசல் உங்கள் பீரோவிலேயே இருக்கட்டும்.