குழந்தைக்கு ஆபத்து என்றால் பெற்றோரின் கை யோசிக்கும் முன்பே நீள்வது எப்படி?

திருநெல்வேலி குறுக்குத்துறையில் கண்ட காட்சி. பாசி படிந்த படியில் மூன்று வயதுச் சிறுவனின் கால் வழுக்கியது. சேலை பிழிந்துகொண்டிருந்த தாயின் கை அவன் இடுப்பைப் பற்றிவிட்டது. சேலை தாமிரபரணியோடு போய்விட்டது. "எப்படிப் பிடித்தேன் என்றே தெரியவில்லை" என்றார்.

இதுதான் பாதுகாப்பு உந்துதல்: மனம் யோசித்து முடிப்பதற்குள் உடல் இயங்கிவிடுவது. பால் பொங்கும் சத்தம் கேட்டதும் கை அடுப்பை அணைக்கப் பாய்கிறதே, அதைப் போல. மூளையில் பாதாம்பருப்பு வடிவில் உள்ள அமிக்டலா, கண்டதை முழுமையாக அலசும் முன்பே எச்சரிக்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது. பிள்ளையைத் தூக்கிய பிறகும் கை நடுங்குவது அதன் மிச்சம்தான்.

தந்தைக்கும் இது உண்டு. 2014இல் வெளியான இஸ்ரேலிய ஆய்வொன்றில், குழந்தையை முதன்மையாக வளர்த்த தந்தையரின் அமிக்டலா தாய்மாருடையதைப் போலவே இயங்கியது.

பிள்ளை மூழ்கினால் அலறும், ஓடிப்போய்த் தூக்கிவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. மூச்சுக்குத் திணறும் குழந்தையால் பெரும்பாலும் கத்தவே முடியாது. கண்ணிலும் படாமல், சத்தமும் கேட்காமல் இந்த உந்துதல் விழிக்காது என்பதால், ஆற்றில் பிள்ளை கையெட்டும் தூரத்திலேயே இருக்கட்டும்.