காசை எண்ணும் முன் இஞ்சினைத் தொட்டுப் பாருங்கள்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே டிரையல் மோட்டாரை, அதாவது பாறை, கட்டை மேலெல்லாம் கால் ஊன்றாமல் மெதுவாக ஏறிக் கடக்கும் விளையாட்டுக்கான மோட்டார்சைக்கிளைப் பற்றியவை. சுங்கை சிப்புட்டைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் மலை, ஆற்றுப் பாறை, செம்பனைத் தோட்டம் எல்லாம் இருக்கும்போது நம் பிள்ளைகளுக்கு இதில் ஆசை வராமல் இருந்தால்தான் வியப்பு. ஆனால் இந்த ஆசையை வைத்து நம்மவர்களின் ஓவர்டைம் காசைச் சிலர் கறந்துவிடுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணே, நான் எண்ணெய் ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். தோட்டத்து லயத்தில்தான் வீடு. ஈப்போவில் ஒருவர் கேஸ் கேஸ் கம்பெனியின் டிஎக்ஸ்டி 280 டிரையல் மோட்டாரை 8,500 வெள்ளிக்குத் தருகிறேன் என்கிறார். வண்டி பளபளவென்று இருக்கிறது. கிராண்ட் (வண்டிப் பதிவுச் சான்று) இல்லை. "தோட்டத்துக்குள்ளதானே ஓட்டப் போற, கிராண்ட் எதுக்கு?" என்கிறார். இந்த வாரமே முடிவு சொல்லணுமாம். வாங்கலாமா?

பதில்: தம்பி, "இந்த வாரமே" என்பதை முதலில் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நல்ல வண்டி அடுத்த மாதமும் கிடைக்கும்.

கிராண்டிலிருந்து ஆரம்பிப்போம். 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் 'சாலை' என்றால் அரசாங்கம் போட்ட தார் ரோடு மட்டுமல்ல. பொதுமக்கள் போய்வரும் எந்தப் பாதையும் அதில் அடங்கும். பள்ளிக்கூட வேனும் மளிகை லோரியும் வந்து போகும் உங்கள் தோட்டத்துச் செம்மண் பாதையும் அப்படிப்பட்டதாக இருக்கலாம். ஆகவே கிராண்ட் இல்லாத வண்டியை வேலியிட்ட தனியார் நிலத்தில், அதுவும் நிர்வாகத்தின் அனுமதி வாங்கித்தான் ஓட்ட வேண்டும். அங்கே போவதற்கும் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும். "பிறகு ஜேபிஜே-யில் (மலேசியச் சாலைப் போக்குவரத்து இலாகா) பதிந்துகொள்ளலாம்" என்று யாராவது சொன்னால், பதிந்து கையில் கொடுத்த பிறகு காசு தருகிறேன் என்று சொல்லுங்கள். விற்பவர் எங்கே வாங்கினார், பழைய ரசீது இருக்கிறதா, சுங்கவரி கட்டிய தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். ஹேண்டில் கழுத்தில் அடித்திருக்கும் சேசிஸ் எண் அந்தத் தாளில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். எண்ணை யாராவது ராவி வைத்திருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

அது சரியாக இருந்தால் வண்டியைப் பார்க்கப் போகலாம். போவதற்கு முன் போன் பண்ணி, "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லுங்கள். போனதும் முதல் வேலை, சிலிண்டரைக் கையால் தொட்டுப் பார்ப்பது. சூடாக இருந்தால் அவர் எதையோ மறைக்கிறார் என்றே எடுத்துக்கொள்ளலாம். இரண்டு ஸ்ட்ரோக் இஞ்சினின் நோயெல்லாம் குளிர்ந்திருக்கும்போதுதான் வெளியே தெரியும். சூடேறிய பிறகு நோயாளி வண்டிகூட ஒழுங்குப் பிள்ளை போல ஓடும்.

கிக்கரை மெதுவாகக் கையால் அழுத்துங்கள். நடுவில் முட்டினாற்போல் ஓர் எதிர்ப்புத் தெரிய வேண்டும். அதுதான் கம்ப்ரஷன். வழுக்கிக்கொண்டு போனால் பிஸ்டன், ரிங் செலவு காத்திருக்கிறது. ஸ்டார்ட் ஆனதும் புகையைப் பாருங்கள். முதலில் கொஞ்சம் வருவது இயல்பு. ஐந்து நிமிடம் கழித்தும் வெள்ளைப் புகை கொட்டி, கியர் எண்ணெய் கருகும் வாடை வந்தால் கிளட்ச் பக்கத்து கிராங்க் சீல் போயிருக்கலாம். கியர்பாக்ஸ் எண்ணெயை இஞ்சின் உறிஞ்சிக் குடிக்கிறது என்று பொருள். மறுபக்கச் சீல் போனால் புகை வராது. அங்கே காற்றுதான் உள்ளே போகும். திராட்டலை விட்ட பிறகும் இஞ்சின் இறங்காமல் கத்திக்கொண்டே இருக்கும். இரண்டாவதுதான் ஆபத்து. பெட்ரோல் கலவை மெலிந்து பிஸ்டன் இறுகிவிடும்.

அடுத்து கியர்பாக்ஸ் எண்ணெய். தெஹ் தாரிக் (பால் டீ) நிறத்தில் இருந்தால் வாட்டர் பம்ப் சீல் வழியாக ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது. சீல் விலை பெரிதல்ல. ஆனால் அப்படியே பல மாதம் ஓட்டியிருந்தால் பேரிங் எல்லாம் துருப்பிடித்திருக்கும். பிறகு இஞ்சினைச் சூடேற விட்டு ஃபேன் சுற்றுகிறதா என்று காத்திருந்து பாருங்கள். கப்சாய் என்னும் சாதாரணச் சின்ன மோட்டார்சைக்கிளுக்கு ஓடும்போது காற்று அடிக்கும். டிரையல் மோட்டாரோ நடக்கும் வேகத்தில் போகிற வண்டி. நம் ஊர் மத்தியான வெயிலில் அந்தச் சின்ன ஃபேன் நின்றுபோனால் இஞ்சின் தாங்காது.

பளபளப்பை நம்ப வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம், இந்த வண்டிகள் அடிவாங்குவதெல்லாம் கீழேதான். படுத்துக்கொண்டு இஞ்சினுக்கு அடியில் இருக்கும் அலுமினியத் தகட்டைப் பாருங்கள். அதில் கீறலும் நெளிவும் இருக்கத்தான் செய்யும், பாறைமேல் ஏறிய வண்டி அல்லவா. ஆனால் அது பிடித்திருக்கும் ஃபிரேமில் விரிசல் இருக்கக் கூடாது. கால் வைக்கும் ஃபுட்பெக் பக்கத்து வெல்டிங்கை டார்ச் அடித்துப் பாருங்கள். வண்டியை ஒரு கட்டைமேல் தூக்கி வைத்துப் பின் சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். டக் டக் என்று அடித்தால் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்கார்ம், லிங்கேஜ் பேரிங்குகள் தேய்ந்திருக்கின்றன.

இவ்வளவும் தேறினாலும் ஒரு கேள்வி மிச்சம்: கிளட்ச் தட்டும் வாட்டர் பம்ப் சீலும் யாரிடம் கிடைக்கும்? ஸ்பெயினில் பிறந்த கேஸ் கேஸ் கம்பெனி 2019-இல் கேடிஎம் குழுமத்தின் கைக்குப் போனது. உங்கள் வண்டி எந்த வருடத்து மாடல் என்பதைத் தெரிந்துகொண்டு, அந்த வருடத்துக்கான பாகம் தருகிற கடையைக் கண்டுபிடித்து, விலையும் கேட்ட பிறகு பேரம் பேசுங்கள். பாகம் வெளிநாட்டிலிருந்து வருகிற வரை வண்டி லயத்து வாசலில் கிடக்கும். முழுக்காசையும் வண்டியிலேயே போட்டுவிடாமல் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு வெள்ளியைக் கையில் வைத்துக்கொள்வதே என் கணக்கு. கிராண்டும் தாளும் இல்லாத இந்த வண்டியை 8,500-க்கு நான் வாங்கமாட்டேன்.

கேள்வி: ஐயா, ஒரு மோட்டார் கடையில் செக்கண்ட் டிரையல் மோட்டார் வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. கியர் எண்ணெய் பால்போல் ஆகிவிட்டது. கடைக்காரர் "செக்கண்ட் சாமானுக்கு வாரண்டி இல்லை என்று ரசீதிலேயே எழுதியிருக்கிறேன்" என்று கையை விரிக்கிறார். நான் என்ன செய்ய?

பதில்: ரசீதில் அப்படி எழுதிவிட்டால் கடைக்காரர் பொறுப்பு தீர்ந்தது என்று நம்மில் பலர் நினைத்து வாயை மூடிக்கொள்கிறோம். அது உண்மையல்ல. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, வியாபாரி விற்கும் பொருள் அதன் விலைக்கும் தன்மைக்கும் ஏற்ற தரத்தில் இருக்க வேண்டும். அந்த உரிமையை ஒரு வரி எழுதிப் பறித்துவிட முடியாது. பழைய வண்டியிடம் புது வண்டியின் தரத்தைக் கேட்க முடியாது என்பதும் உண்மை. விற்கும்போதே "பம்ப் சீல் ஒழுகுது, அதனால்தான் இந்த விலை" என்று உங்களிடம் சொல்லியிருந்தால் அந்தக் குறைக்காக வழக்குப் போட முடியாது. சொல்லாமல் விற்றிருந்தால் போடலாம்.

வண்டியை இனி ஓட்டாதீர்கள். எண்ணெயைப் படம் எடுங்கள். வேறொரு மெக்கானிக்கிடம் காட்டி, என்ன கோளாறு என்பதைத் தேதி போட்டு எழுதி வாங்குங்கள். கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் விஷயத்தை எழுதி, சரிசெய்து தர நியாயமான அவகாசம் கொடுங்கள். அவர் மறுத்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரைக்குமான வழக்கை அங்கே விசாரிப்பார்கள். பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை, நீங்களே நின்று பேசலாம். மூன்று ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். தீர்ப்பு வந்து 14 நாளுக்குள் கடைக்காரர் அதன்படி நடக்காவிட்டால் அது குற்றம். மலாய் பேசத் தயங்குபவர் என்றால் படித்த பிள்ளை ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் பாரத்தை நிரப்புங்கள். தயங்கி வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

கடையில் வாங்காமல் தனியாளிடம் வாங்கியவர்களுக்கு இந்த மன்றம் உதவாது. அது வியாபாரிக்கும் பயனீட்டாளருக்கும் இடையிலான வழக்குக்குத்தான். முதல் கேள்வி கேட்ட தம்பியும் இதை மனத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: காலையில் முதல் கியர் போட்டதும் கிளட்சைப் பிடித்திருந்தும் வண்டி முன்னால் துள்ளி நின்றுவிடுகிறது. கிளட்ச் தட்டு மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் தட்டுகள் எண்ணெயோடு ஒட்டிக்கொள்ளும். இஞ்சினை ஸ்டார்ட் பண்ணும் முன் கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளுங்கள். படக்கென்று விடும். அப்புறம் நியூட்ரலில் போட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். கியர்பாக்ஸுக்குக் கப்சாய்க்கு ஊற்றும் கெட்டி எண்ணெயை ஊற்றியிருந்தாலும் இந்தத் தொல்லை வரும். கையேடு எந்த எண்ணெய் சொல்கிறதோ அதையே ஊற்றுங்கள்.

கிளட்ச் லீவர் டப்பாவுக்குள் ஊற்றும் திரவத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். சில வண்டிகளுக்கு டாட் 4 பிரேக் எண்ணெய், சிலவற்றுக்கு மினரல் எண்ணெய். எது என்று பெரும்பாலும் மூடியிலேயே எழுதியிருக்கும். மாற்றி ஊற்றினால் உள்ளே ரப்பர் சீல் ஊதிக் கெட்டுவிடும். எனக்கே நடந்தது. சர்வீஸுக்கு விட்ட இடத்தில் மூடியைப் பார்க்காமல் ஊற்றிவிட்டார்கள். மறுநாளே லீவர் திரும்பி வரவில்லை. மேலே லீவரில் உள்ள கிளட்ச் சிலிண்டரையும் கீழே இஞ்சின் பக்கம் உள்ளதையும் சேர்த்தே மாற்ற வேண்டி வந்தது. அன்றிலிருந்து எங்கே விட்டாலும் மூடியில் எழுதியிருப்பதை நானே வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டுத்தான் வருகிறேன்.

கேள்வி: மகனுக்குப் பதின்மூன்று வயது. டிரையல் மோட்டார் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ரோட்டில் ரேஸ் விடும் ரேம்பிட் பையன்களோடு போய்விடுவானோ என்று பயமாக இருக்கிறது. வாங்கித் தரலாமா?

பதில்: அக்கா, உங்கள் பயம் நியாயம்தான். ஆனால் இது வேகத்துக்கான விளையாட்டே இல்லை. பாறை, மரக்கட்டை, ஓடை என்று குறித்து வைத்த பாதையைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒரு தடவை கால் வைத்தால் 1 புள்ளி, இரண்டு தடவைக்கு 2, அதற்கு மேல் எத்தனை தடவை வைத்தாலும் 3, கடக்க முடியாமல் போனால் 5. கடைசியில் குறைந்த புள்ளி எடுத்தவரே வெற்றியாளர். ஸ்பெயின்காரர் டோனி போ 2007-லிருந்து வருடா வருடம் உலகப் பட்டம் வாங்குவது இப்படி மெதுவாக ஓட்டித்தான்.

பெரிய 280, 300 சிசி வண்டி இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம். உயரத்துக்கு ஏற்ற சிறு வண்டியோ, மின்சார டிரையல் வண்டியோ போதும். ஹெல்மெட், கணுக்கால் மூடும் பூட்ஸ், முழங்கால் கவசம் ஆகியவற்றின் விலையையும் வண்டி விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். கையில் கட்டும் கயிறு ஒன்று உண்டு. விழுந்தால் அது கழன்று இஞ்சினை நிறுத்திவிடும். அது இல்லாமல் அவனை ஏற விடாதீர்கள்.

முதல் இரண்டு மாதம் பாறைப் பக்கமே போகக் கூடாது. இரண்டு செம்பனை மரத்துக்கு நடுவே, நின்றபடியே, எட்டு வடிவில் சுற்றட்டும். ஒரு விரல் கிளட்சில், ஒரு விரல் பிரேக்கில். அது கைவந்த பிறகு ஒரு சின்னக் கட்டையைத் தாண்டட்டும். அடுக்கி வைத்த மட்டைக் குவியல் பக்கம் மட்டும் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். எலி தேடி வரும் நாகப்பாம்பு அங்கேதான் படுத்திருக்கும்.

கேள்வி: மட்டை முள் குத்தி மாதம் இரண்டு தடவை காற்று இறங்குகிறது. டயரில் காற்றைக் கெட்டியாக அடித்து ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். கெட்டியாக அடித்தால் ஈரப் பாறையில் டயர் சோப்புமேல் வைத்ததுபோல் வழுக்கும். பின் டயருக்கு 4 முதல் 5 பிஎஸ்ஐ, முன் டயருக்கு 6 முதல் 7. பெட்ரோல் நிலையத்து மீட்டரில் இவ்வளவு குறைந்த அளவு சரியாகத் தெரியாது. குறைந்த அழுத்தத்துக்கென்றே இருக்கும் கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பின் டயர் பெரும்பாலும் டியூப் இல்லாதது. முள்ளைப் பிடுங்கிவிட்டு, பஞ்சர் கயிறு திணித்து அங்கேயே அடைக்கலாம். பையில் ஒரு கைப்பம்பும் இருக்கட்டும்.