பீப்பாய்க்குள் உயிரோடு இருப்பது

அன்புள்ள அண்ணா,

வேலைக்காக ஷெஃபீல்டுக்கு வந்து பதினோரு மாதம் ஆகிறது. ஊரில் எப்போதாவது நண்பர்களோடு ஜில்லென்று ஒரு பீர் குடித்ததோடு சரி. இங்கே வந்த முதல் வாரமே அலுவலக நண்பர்கள் பப்புக்கு அழைத்துப் போனார்கள். நீளமான கைப்பிடியை இழுத்து இழுத்து ஒரு பைன்ட் (அரை லிட்டருக்குச் சற்று மேல்) ஊற்றிக் கொடுத்தார்கள். குளிர்ச்சியும் இல்லை, கேஸும் இல்லை. எல்லாரும் ரசித்துக் குடித்ததால் நானும் பேசாமல் குடித்தேன். ஒரு மாதம் கழித்து வேறொரு பப்பில் அதே பெயர் போட்ட அதே பீரைக் குடித்தபோது அசந்துவிட்டேன். ஆரஞ்சுத்தோல் வாசனை, பிஸ்கட் மாதிரி ஒரு ருசி, முடிவில் இதமான கசப்பு. அதை நம்பி மூன்றாவது ஓரிடத்தில் வாங்கினால் வினிகர் போலப் புளித்தது. பாதியை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஒரே பீர் எப்படி இப்படி மாறும்? உள்ளே போகும்போதே நல்ல கடை என்று கண்டுபிடிக்க வழி உண்டா? இன்னொன்று: என் மனைவி சைவம். இந்த பீரில் மீன் இருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மையா? அப்பா வேறு, வரும்போது இரண்டு பாட்டில் கொண்டுவா என்கிறார்.

அன்புடன்,
ச.
ஷெஃபீல்ட்

*

அன்புள்ள ச.,

மூன்று கடையிலும் உங்கள் நாக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. நீங்கள் குடித்தது காஸ்க் ஏல், அதாவது பீப்பாய்க்குள்ளேயே பக்குவமாகும் பீர். அது ஆலையை விட்டுக் கிளம்பும்போது முடிந்துபோன பண்டம் அல்ல. மிச்ச வேலை பப்பின் நிலவறையில்தான் நடக்கிறது. ஒரே பீரை மூன்று பேர் மூன்று விதமாக முடித்து உங்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நான் உடன்குடிப் பக்கம் வளர்ந்தவன். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டினால் பதனி. தடவாமல் கட்டினால் கள். காலையில் இறக்கியது இனிப்பாக இருக்கும், மதியத்தில் ஏறும், மாலையில் புளிக்கும், மறுநாள் காடிதான். எந்த மரத்துக் கள் என்பதைவிட எப்போது இறக்கியது, கலயத்தைக் கழுவினாரா என்றுதான் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கேட்பார்கள். பின்னால் லீட்ஸில் ஆறு வருடம் இருந்தபோது காஸ்க் ஏலை எனக்குப் புரியவைத்தது இந்தக் கேள்விதான். அதுவும் உயிருள்ள பானம். ஆலையில் வடிகட்டிச் சூடு காட்டி ஈஸ்டைக் கொன்று அடைப்பதில்லை. பீப்பாய்க்குள்ளும் ஈஸ்ட் உயிரோடு இருந்து மிச்சமிருக்கும் சர்க்கரையைத் தின்று, தேவையான நுரைப்பைத் தானே உண்டாக்குகிறது. வெளியிலிருந்து கேஸ் ஏற்றுவதில்லை.

லீட்ஸில் நான் வழக்கமாகப் போன பப்பின் உரிமையாளர் ஒருநாள் என்னை நிலவறைக்குக் கூட்டிப்போனார். செங்குத்தான படி, ஈரச் செங்கல் வாசனை. 9 காலன் பீப்பாய்கள் வரிசையாகப் படுத்திருந்தன. இந்த அளவுக்கு ஃபர்கின் என்று பெயர், 72 பைன்ட் பிடிக்கும். வண்டியில் குலுங்கி வந்த பீப்பாயை முதலில் அசையாமல் படுக்கவைக்கிறார்கள். பிறகு மேல்பக்க அடைப்பில் நுண்துளையுள்ள மெல்லிய மரமுளை ஒன்றைச் சுத்தியலால் தட்டி இறக்குகிறார்கள். ஸ்பைல் என்பார்கள். நான் பார்த்தபோது ஒரு முளையைச் சுற்றி நுரை புசுபுசுவென்று பொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைத் துணியால் துடைத்துவிட்டு, எத்தனை நொடியில் மறுபடி நுரை எழுகிறது என்று குனிந்து பார்த்தார். பொங்குவது அடங்கியதும் அந்த முளையை எடுத்துவிட்டுக் காற்றுப் புகாத கெட்டி முளையை அடிக்க வேண்டும். சீக்கிரம் அடைத்தால் பீர் முரட்டுத்தனமாகப் பொங்கும். விட்டுவிட்டால் கேஸ் எல்லாம் போய்ச் சவசவத்துவிடும். உங்கள் முதல் பைன்டுக்கு இதுதான் நடந்திருக்கும்.

பக்கத்துப் பீப்பாயில் கீத்லியிலிருந்து வரும் டிமத்தி டெய்லர் ஆலையின் லேண்ட்லார்ட் ஏல். 1858-ல் தொடங்கிய ஆலை அது. பொறுமை கேட்கும் பீர் என்று லேண்ட்லார்டுக்குப் பெயர் உண்டு. 'இதை அவசரப்படுத்தினால் கசப்பு தனியாக, மால்ட் (முளைகட்டிய பார்லி) தனியாக நிற்கும். இன்னும் மூன்று நாள் இங்கேயே கிடக்கட்டும்' என்றார். மூன்று நாள் கழித்துப் போய்க் குடித்தேன். அந்த ஒரு பைன்டுக்காகவே லீட்ஸின் எல்லா மழையையும் மன்னிக்கலாம் என்று தோன்றியது.

குளிர்ச்சி இல்லை என்கிறீர்கள். 11 முதல் 13 டிகிரிதான் அதற்குரிய குளிர்ச்சி. கண்ணாடி வியர்க்கும் குளிர்ச்சியல்ல, மண்பானைத் தண்ணீரின் குளிர்ச்சி. அதைவிடக் கீழே போனால் ஆரஞ்சுத்தோலும் பிஸ்கட்டும் நாக்குக்குத் தெரியாது. ஆனால் அறைச் சூட்டில் வெதுவெதுவென்று கொடுத்தால் அது கடைக்காரரின் தப்பு. இங்கிலாந்துக்காரர்கள் சூடான பீர் குடிப்பார்கள் என்று நம் ஊரில் சொல்வது உண்மையில்லை.

புளித்துப்போனதற்குக் காரணம் காற்று. பீர் இறங்க இறங்க அந்த இடத்தில் காற்று புகுகிறது. திறந்த பீப்பாய்க்கு மூன்று நாள்தான் நல்ல ஆயுள், அதற்கப்புறம் சரிவுதான். ஆகவே 72 பைன்டும் மூன்று நாளில் விற்றுத்தீர வேண்டும். எப்படிக் கண்டுபிடிப்பது என்ற உங்கள் கேள்விக்குப் பதிலில் பாதி இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. கூட்டமில்லாத கடையில் பத்துக் கைப்பம்பு வரிசையாக நின்றால் மயங்காதீர்கள், ஏதோ நாலைந்து பீப்பாய் கீழே கெட்டுக்கொண்டிருக்கும். சிறிய கடை, மூன்றே பம்பு, மாலை ஐந்து மணிக்கு வேலை முடிந்து வந்தவர்கள் எல்லார் கையிலும் அதே ஏல் இருந்தால் தைரியமாக உட்காருங்கள். பம்பில் மாட்டியிருக்கும் பெயர்ப்பலகையைச் சில இடங்களில் பின்புறம் திருப்பி வைத்திருப்பார்கள். அந்தப் பீப்பாய் தீர்ந்துவிட்டது அல்லது இன்னும் தயாராகவில்லை என்று பொருள். எனக்கு அது நல்ல சகுனம். தயாராகாததை விற்க மறுக்கும் ஒருவர் உள்ளே இருக்கிறார்.

கேட்கத் தயங்காதீர்கள். 'கொஞ்சம் ருசி பார்க்கலாமா?' என்றால் ஒரு மடக்கு ஊற்றிக் கொடுப்பார்கள், அது அங்கே சாதாரண வழக்கம். அரை பைன்ட் வாங்குவதிலும் கௌரவக் குறைச்சல் இல்லை, நான் பெரும்பாலும் அதைத்தான் வாங்கினேன். கடை திறந்தவுடன் போய் முதல் ஆளாக வாங்குவதை மட்டும் தவிருங்கள். இரவெல்லாம் குழாயில் நின்ற பீரை இழுத்துக் கொட்டாமல் சில கடைகளில் ஊற்றிவிடுவார்கள்.

புளித்ததைப் பாதியில் வைத்துவிட்டு வந்தீர்கள் என்று படித்தபோது வருத்தமாக இருந்தது. அடுத்த முறை அப்படிச் செய்யாதீர்கள். கிளாஸை எடுத்துக்கொண்டு போய், 'இது புளித்துவிட்டது என்று நினைக்கிறேன்' என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் முகர்ந்து பார்ப்பார், மாற்றிக் கொடுப்பார், அந்தப் பம்பையும் நிறுத்திவிடுவார். நீங்கள் சொல்லாமல் வந்தால் அடுத்தவருக்கும் அதே வினிகர்தான். ஒன்றை மட்டும் குற்றமாக நினைத்துவிடாதீர்கள். பர்ட்டன் அபான் ட்ரெண்ட் ஊர் ஏல்களில் தீக்குச்சி உரசியது மாதிரி கந்தக வாடை மெலிதாக வரும். ஜிப்சம் நிறைந்த அந்த ஊர்த் தண்ணீரின் அடையாளம் அது. நிமிடத்தில் அடங்கிவிடும்.

இவ்வளவும் இன்று கிடைக்கிறது என்றால் அதற்காகச் சிலர் போராடியிருக்கிறார்கள். 1960-களில் பெரிய ஆலைகள் ஈஸ்டைக் கொன்று கேஸ் ஏற்றிய கெக் பீரை நாடெங்கும் பரப்பின. அதைப் பராமரிக்க ஆள் திறமை வேண்டாம், கெடாது, எல்லா ஊரிலும் ஒரே ருசி. நிலவறையின் கைத்தொழில் அழியவிருந்த நேரத்தில், 1971-ல் அயர்லாந்தின் கெர்ரி பக்கம் விடுமுறைக்குப் போன நான்கு இளைஞர்கள் ஒரு பப்பில் உட்கார்ந்து இந்த உயிருள்ள ஏலைக் காக்கத் தொடங்கிய இயக்கம்தான் கேம்ரா. 1974 முதல் அவர்கள் வெளியிடும் குட் பீர் கைடில் இடம்பெறக் காசு கொடுக்க முடியாது. அந்தந்த ஊர் உறுப்பினர்கள் வருடம் முழுக்கக் குடித்துப் பார்த்துத்தான் கடைகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் இருப்பதோ ஷெஃபீல்டில். இதைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல ஊரை என்னால் சொல்ல முடியவில்லை. கெல்ஹாம் ஐலண்ட் பகுதிக்கு நடந்து போங்கள். டேவ் விக்கெட் 1981-ல் அங்கே தொடங்கிய ஃபேட் கேட், எஃகு ஆலைகள் மூடிக்கொண்டிருந்த காலத்தில் சின்ன ஆலைகளின் காஸ்க் ஏலை நம்பித் திறந்த கடை. அதை ஒட்டி 1990-ல் அவர் தொடங்கிய ஆலையின் பேல் ரைடர் 2004-ல் பிரிட்டனின் சாம்பியன் பீர் ஆனது. 2022-ல் அந்த ஆலை மூடப்பட்டபோது எனக்கு நெருங்கியவர் ஒருவர் போனதைப் போலிருந்தது. பேல் ரைடரை இப்போது பக்கத்து டெர்பிஷையரின் தோர்ன்பிரிட்ஜ் காய்ச்சுகிறது. சில நிமிட நடையில் கெல்ஹாம் ஐலண்ட் டேவர்ன். 2008, 2009 இரண்டு வருடமும் கேம்ரா அதை நாட்டின் சிறந்த பப்பாகத் தேர்ந்தெடுத்தது. உள்ளூர் ஆலையான அபேடேலின் மூன்ஷைன், 4.3 சதவீத ஆல்கஹால், கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

கெக் என்றாலே மட்டம் என்று இன்று சொல்ல மாட்டேன். புதிய தலைமுறை கிராஃப்ட் ஆலைகள் கெக்கில் அருமையான பீர் தருகின்றன. தோர்ன்பிரிட்ஜின் ஜெய்ப்பூர் ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல்), 5.9 சதவீதம், இரண்டு விதமாகவும் வருகிறது. இரண்டும் உள்ள கடை கிடைத்தால் அரை அரை பைன்ட் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள். கெக்கில் ஹாப்ஸின் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூவின்) வாசனை பளிச்சென்று முன்னால் வரும். காஸ்கில் அது பின்வாங்கி, மால்ட்டின் தேன் ருசிக்கு இடம் விடும். நான் எழுதும் ஆயிரம் வார்த்தை சொல்லாததை அந்த இரண்டு கிளாஸ் சொல்லும். அதே தோர்ன்பிரிட்ஜ்தான் 2024-ல் பர்ட்டனில் கைவிடப்பட்ட யூனியன் பீப்பாய் வரிசை ஒன்றைத் தன் ஆலைக்கு எடுத்து வந்தது. ஓக் பீப்பாய்களிலிருந்து நுரையும் ஈஸ்டும் வளைந்த குழாய் வழியே மேல்தொட்டிக்கு ஏறும் பழைய ஏற்பாடு அது. ஒரு புதிய ஆலை அந்தச் சுமையை விரும்பி ஏற்றதை நினைத்தால் இன்னும் மனம் நிறைகிறது.

மீன் விஷயம் உண்மைதான். கலங்கிய ஈஸ்டை அடியில் படியவைக்க ஐசின்கிளாஸ் சேர்ப்பார்கள், அது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுப்பது. ராமேஸ்வரம் பக்கம் கூறல் மீன் வலையில் விழுந்தால் காற்றுப்பைக்காகவே விலை ஏறுகிறதே, அதே உறுப்பு. பெரும்பகுதி ஈஸ்டோடு அடியில் தங்கிவிடும். ஆனாலும் சைவம் என்றால் சைவம்தான், உங்கள் மனைவி அதைத் தவிர்ப்பது நியாயம். ஐசின்கிளாஸ் சேர்க்காத காஸ்க் ஏல்கள் இருக்கின்றன. பிரிஸ்டலின் மூர் ஆலை அதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறது. அவை கொஞ்சம் கலங்கலாக இருக்கும், அது கெட்டதன் அறிகுறி அல்ல. கடையில் 'வீகனா?' என்று கேட்டால் தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள்.

அப்பாவுக்குக் காஸ்க் ஏலைக் கொண்டுபோக முடியாது. பாட்டிலுக்குள்ளேயே ஈஸ்ட் உயிரோடு இருக்கும் ஏல்கள் உண்டு, ஃபுல்லர்ஸ் 1845 நல்ல தேர்வு. இரண்டு நாள் அசையாமல் நிறுத்திவைத்து, அடி வண்டல் கலங்காமல் ஊற்றச் சொல்லுங்கள். பீப்பாய் பீர் நம் பக்கம் வந்ததே இல்லை என்றும் நினைக்காதீர்கள். நுவரெலியாவில் 1881-ல் தொடங்கிய ஆலையின் லயன் ஸ்டவுட் என்ற கறுப்பு பீரைக் கண்டியிலும் நுவரெலியாவிலும் சில கடைகளில் பல காலம் கைப்பம்பால் இறைத்துத்தான் கொடுத்தார்கள். பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் அங்கே போய்க் குடித்து எழுதித்தான் அந்தக் கறுப்பு ஸ்டவுட்டை உலகம் அறிந்தது. எனக்கு அந்தக் கைப்பம்புகளின் முன்னால் நிற்கக் கொடுத்துவைக்கவில்லை. நான் கண்டிக்குப் போனபோது பாட்டில்தான் கிடைத்தது.

அன்புடன்.