கார்ட்டூனில் பாடினால் கவர் வெர்ஷனா? – கேள்வி பதில்

பூனைப்பிரியை: சார், டாம் அண்ட் ஜெர்ரியில் டாம் பெரிய பாஸ் வாத்தியத்தை வைத்துக்கொண்டு பாடுமே, அது கவரா, கார்ட்டூனுக்கென்றே போட்ட பாட்டா?

கவர்தான், சந்தேகமே வேண்டாம். ஒருவர் முதலில் வெளியிட்ட பாட்டை இன்னொருவர் பாடினால் அது கவர். 1946-இல் வந்த 'சாலிட் செரினேட்' அது. பாட்டு 'இஸ் யூ இஸ் ஆர் இஸ் யூ ஏன்ட் மை பேபி', லூயி ஜோர்டான் பாடி 1944-இல் ஹிட்டானது. டாமுக்காகப் பாடியவர் பக் வுட்ஸ். பாஸ் அதிர்வில் ஜெர்ரியின் பொந்துக்குள் சாமானெல்லாம் குதிக்கிறது; அவர் குரல் மட்டும் கொஞ்சல் குறையாமல் போகிறது. தேர்ந்த பாடகர் பாடிய பாட்டு. பூனை வாயசைத்தது என்பதற்காக அதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது அநியாயம்.

பழைய தட்டு: இசைத்தட்டாக வராததை எப்படி கவர் என்கிறீர்கள்?

ஃபிலிமின் ஒலித்தடமும் பதிவுதான், தியேட்டரில் ஓடியதும் வெளியீடுதான்.

ராகப்பித்தன்: பெட்டி பூப் கார்ட்டூனில் வால்ரஸ் பாடும் 'மின்னி தி மூச்சர்'?

கவர் இல்லை. குரல் அமெரிக்க ஜாஸ் பாடகர் கேப் காலோவேயுடையது. 1931-இல் அதை முதலில் பதிவு செய்தவரும் அவரே. 1932-இல் ஃப்ளெய்ஷர் ஸ்டூடியோ அவர் ஆடுவதைப் படம்பிடித்து, அதன்மேல் ஃபிரேம் ஃபிரேமாக வரைந்து அந்த வால்ரஸ் பேயை ஆட வைத்தது. தொடக்கத்தில் காலோவே நேரிலேயே வருகிறார். அவர் கால் வழுக்கிப் போகும் விதத்தையும் வால்ரஸின் காலையும் சேர்த்துப் பாருங்கள், ஒன்றேதான். ஆனால் 1933-இல் வந்த பெட்டி பூப்பின் 'ஸ்னோ ஒயிட்' கார்ட்டூனில் கோகோ கோமாளி பாடும் 'செயின்ட் ஜேம்ஸ் இன்ஃபர்மரி' கவர். குரல் அதே காலோவேதான். பாட்டை லூயி ஆம்ஸ்ட்ராங் 1928-லேயே பதிவு செய்துவிட்டார். யார் வாயசைக்கிறார்கள் என்பதை விடுங்கள். குரல் யாருடையது, முதலில் வெளியிட்டது யார், இந்த இரண்டைத் தேடுங்கள்.

பழைய தட்டு: அமெரிக்கச் சட்டமே தட்டுக்கு ஒரு உரிமம், படத்துக்கு வேறு உரிமம் என்கிறதே?

உண்மை. அங்கே ஏற்கெனவே வெளியான பாட்டை வேறொருவர் தட்டில் பாட, பாட்டின் உரிமையாளர் மறுக்க முடியாத கட்டாய உரிமம் போதும். படத்தோடு சேர்க்க பதிப்பாளரிடம் தனியாகப் பேசி 'சிங்க்' உரிமம் வாங்க வேண்டும். அது யாருக்குக் காசு, எப்படிக் காசு என்ற விஷயம். வுட்ஸ் பாடியது யாருடைய பாட்டு என்பதை அது மாற்றாது.

காட்டுராஜா: 'லயன் கிங்'கில் டிமோனும் பும்பாவும் பாடும் 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்', டோக்கன்ஸ் குழு பாடியதன் கவர்தானே?

நாலு வரி பாடிவிட்டுப் போகிறார்கள். மேற்கோள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், டோக்கன்ஸ் பாடியது 1961. வேர் 1939-இல் தென்னாப்பிரிக்காவில் சாலமன் லிண்டா பாடிய 'ம்பூபே'. முதல் வெளியீட்டைப் பார்க்காமல் யாரையும் ஒரிஜினல் என்று எழுதாதீர்கள்.

புதியவன்: ஆர்ச்சீஸின் 'சுகர் சுகர்' யாருடைய கவர்?

யாருடையதும் இல்லை. 1969-இல் அந்த கார்ட்டூன் குழுவின் பெயரில்தான் முதலில் வந்தது, பாடியவர் ரான் டான்டே. வில்சன் பிக்கெட் 1970-இல் பாடியதுதான் கவர்.

முயல்குட்டி: பக்ஸ் பன்னி படத்தில் வாக்னரின் ஓபரா மெட்டுக்கு வேட்டைக்காரன் எல்மர் பாடுவது?

புது வரிகள். அதைப் பகடி என்போம்.

தமிழ் டப்பிங் ரசிகர்: தமிழில் டப் ஆகும் பாட்டு?

அது டப்பிங். அந்தத் துறைக்காரரிடம் கேளுங்கள்.

பழைய தட்டு: டாம் விஷயம் இன்னும்...

மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன். பக் வுட்ஸைக் கேட்டுவிட்டு வாருங்கள், பேசலாம்.