நூத்தி அறுபத்தஞ்சுலே ஆளு நிக்கான்

அன்புள்ள அண்ணனுக்கு,

என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். அவனுடைய அப்பாவுக்கு மஸ்கட்டில் வேலை. ராத்திரி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு போனில் பி.ஜி.எம்.ஐ. என்கிற துப்பாக்கிச் சண்டை ஆட்டம் விளையாட உட்கார்ந்தால் ஹிந்தி, இங்கிலீஷ், மலையாளம் எல்லாம் கலந்து பேசுகிறான். கேம் விளையாடினால் மொழி வளரும், வாழ்க்கைக்கு வேண்டியதையும் கற்றுக்கொள்வான் என்று அவர் போனில் சொல்கிறார். எனக்கோ தமிழும் போய் படிப்பும் போய்விடுமோ என்று பயம். போன வாரம் என் போனிலிருந்து 800 ரூபாய் எடுத்து ஏதோ துப்பாக்கிக்குச் சட்டை வாங்கியிருக்கிறான். தடை செய்த விளையாட்டுதானே இது? விடலாமா, வேண்டாமா?

எஸ்., கருங்கல்

அன்புள்ள எஸ்.,

தடை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். 2025-இல் மத்திய அரசு சட்டம் போட்டு நிறுத்தியது காசு கட்டி ஆடும் ரம்மி, போக்கர் வகையறாக்களை. 2020-இல் தடையானது பப்ஜி. அதே ஆட்டம்தான் மறு வருடம் பி.ஜி.எம்.ஐ. என்று வந்தது, 2022-இல் ஆப் ஸ்டோரிலிருந்து காணாமல் போனது, 2023-இல் திரும்பி வந்தது. சட்டத்தைச் சொல்லி அவனை மிரட்டாதீர்கள், அவனுக்கு இதெல்லாம் உங்களைவிட நன்றாகத் தெரியும். தமிழ் போய்விடும் என்பதும் வேண்டாத பயம். திருவிதாங்கூருக்குள் அத்தனை காலம் கிடந்துவிட்டு 1956-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த குமரி மாவட்டத்துக்காரர்கள் நாம். அப்படியும் போகாதது நூப், லேக் என்று நாலு கேம் சொல் வந்ததாலா போய்விடும்?

நான் சொல்ல வந்தது வேறு. என் தங்கச்சி மகன் லீவுக்கு வந்து எங்கள் வீட்டு வராந்தாவில் இதே ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தான். திடீரென்று, "எலே, நூத்தி அறுபத்தஞ்சுலே ஆளு நிக்கான், மதிலுக்க பின்னாலே, ரெண்டு பேரு" என்றான். அதென்னடா நூத்தி அறுபத்தஞ்சு என்று கேட்டேன். திரையின் மேல்பக்கம் திசைகாட்டி ஓடுகிறது, அதைப் பார்த்து டிகிரி சொல்கிறானாம். 180 தெற்கு என்றால் 165 அதற்குக் கொஞ்சம் கிழக்கே. ஆனால் அது இவன் நிற்கிற இடத்திலிருந்து பார்த்த திசை, கூட்டாளி தள்ளி நின்றால் அவனுக்குத் திசை மாறிவிடும், அதனால்தான் மதிலையும் சேர்த்துச் சொல்கிறான். எத்தனை பேர் என்பதையும் விடவில்லை. நாலு பேர் அணி, ஆளுக்கொரு ஊர், ஒருவன் பார்ப்பது மற்றவன் கண்ணில் படாது, சொல்வதற்கு இருப்பதோ இரண்டு வினாடி.

இந்த மாதிரிப் பேச்சை அதற்கு முன்னால் நான் கேட்டது என் மச்சானின் விசைப்படகில். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் படகு கட்டிக் கிடந்தபோது வயர்லெஸ்ஸைத் திறந்து வைத்திருந்தார். கடலில் கிடக்கிற படகுகள் பேசுவது கேட்டது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் ஒரு மீனைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிற ஆட்கள் அங்கே ஜி.பி.எஸ். எண், காற்று, நீரோட்டம், அவ்வளவுதான் பேசினார்கள். வயர்லெஸ் எட்டாத தூரத்துக்கு ஒரு படகு கேட்டு அடுத்த படகுக்குச் சொல்லி அப்படியே கைமாறிப் போக வேண்டும். நடுவில் ஒருவர் ஒரு எண்ணைப் பிசகிச் சொன்னால் தேடிப் போகிறவன் வெறுங்கடலில் நிற்பான். 2017 ஓகி புயல் சமயத்தில் ஆழ்கடலில் கிடந்தவர்களுக்கு எச்சரிக்கையே போய்ச் சேரவில்லை என்பதை நம் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் பார்ப்பதைப் பார்க்க முடியாத ஒருவனுக்கு, அவனுக்குப் பயன்படும்படி சொல்வது. பள்ளிக்கூடத்தில் மொழிப்பாடம் என்ற பெயரில் இதைத் தவிர எல்லாம் நடக்கிறது.

நம் ஆட்களிடம் கல்யாண வீட்டுக்கு வழி கேட்டுப் பாருங்கள். "நேரா வாங்க, முக்குலே திரும்புங்க, யார்ட்ட கேட்டாலும் சொல்லுவாவ." குமரி மாவட்டத்தில் முக்கு இல்லாத இடம் எது? எந்த முக்கு, இடமா வலமா, எவ்வளவு தூரம், ஒன்றும் கிடையாது. சொல்கிறவர் எம்.ஏ. படித்திருப்பார்.

இன்னொன்றையும் கவனித்தேன். இந்த ஆட்டத்தில் அடிபட்டு விழுந்தவன் உடனே சாவதில்லை, தவழலாம், பேசலாம். கூட்டாளி வந்து 10 வினாடி பக்கத்தில் இருந்தால் எழுந்துவிடலாம். என் மருமகன் விழுந்ததும் முதலில் எதிரி எங்கே என்று சொன்னான், அப்புறம்தான் "என்னைத் தூக்கு" என்றான். மூன்றாவதாக ஒரு கெட்ட வார்த்தை சொன்னான், அதற்கு அவன் அம்மாவிடம் வாங்கினான்.

சரி, உங்கள் வீட்டுக்காரர் சொல்வது சரிதானே என்று கேட்பீர்கள். பாதிதான் சரி. கேமில் வருகிற திறமை தானாகப் படியேறி வீட்டுக்குள் வராது. இதே மருமகனிடம் அன்று சாயங்காலம், பாட்டிக்கு எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று டாக்டருக்குப் போனில் சொல்லடா என்றேன். "நீங்களே சொல்லுங்க மாமா" என்று உள்ளே போய்விட்டான். அவனைக் கோபித்து என்ன பயன்? எங்கள் வீட்டில் அவனை யாரும் எதையும் சொல்ல விட்டதில்லை. சாப்பிட்டியா, படிச்சியா என்று கேட்கிறோம், தலையாட்டினால் போதும் என்று விட்டுவிடுகிறோம். உங்கள் கடிதத்தையே பாருங்கள், கணவர் சொன்னது இருக்கிறது, உங்கள் பயம் இருக்கிறது, பிள்ளை என்ன சொன்னான் என்று ஒரு வரி இல்லை! அவனிடம் கேட்டீர்களா, இல்லையா?

கேஸ் புக் செய்வது, கரண்டு போனால் மின்வாரிய அலுவலகத்துக்குச் சொல்வது, மஸ்கட்டிலிருந்து அப்பா அனுப்பும் பணத்தின் கணக்கை அப்பாவிடமே சொல்வது, இதையெல்லாம் அவன் கையில் கொடுங்கள். தப்பாகச் சொல்லட்டும், அந்தத் தப்பால் ஒரு ராத்திரி கரண்டு இல்லாமல் கிடக்கட்டும். பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுக்காதீர்கள்.

விளையாட விடலாமா என்றால், பதினொரு மணிக்கு மேல் வேண்டாம், பரீட்சை மாதத்தில் வேண்டவே வேண்டாம். 800 ரூபாய் விஷயத்தில் மட்டும் இரக்கம் காட்டாதீர்கள் தங்கச்சி. அது கேம் இல்லை, திருட்டு. யு.பி.ஐ. பின்னை இன்றைக்கே மாற்றுங்கள், அவனுடைய பிறந்த வருடத்தைப் போடாதீர்கள். பணத்தை அவன் கைக்காசிலிருந்து மாதம் நூறு நூறாகப் பிடியுங்கள்.