புருவத்துக்கு நிரந்தர மேக்கப் செய்துகொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. கல்லூரி நாட்களில் மெல்லிய புருவம்தான் அழகு என்று நினைத்து, மாதம் தவறாமல் த்ரெட்டிங் செய்து நூல் மாதிரி ஆக்கிக்கொண்டேன். அதை விட்டுப் பல வருடம் ஆகியும் பழையபடி வளரவில்லை. போதாததற்கு, இரண்டு வருடமாகப் புருவத்தின் வால் பகுதி கொட்டிக்கொண்டே வருகிறது. பென்சிலால் வரைந்துகொள்ளாமல் வாசலுக்குக்கூட வருவதில்லை. என் தோழி மைக்ரோபிளேடிங் (ஊசியால் கீறிப் புருவத்தில் நிறம் ஏற்றுவது) செய்துகொண்டாள், பார்க்க நன்றாக இருக்கிறது. இன்னும் மூன்று வாரத்தில் தங்கைக்குக் கல்யாணம். அதற்குள் நானும் செய்துகொள்ளலாமா? "முகத்தில் போய்ப் பச்சை குத்திக்கொள்வாயா?" என்கிறார் கணவர். எனக்கு எண்ணெய் வழியும் முகம்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புத் தோழி, தங்கை கல்யாணத்துக்கு முன்னால் வேண்டாம். நாள் போதாது. செய்துகொண்ட முதல் சில நாட்கள் புருவம் மையை அப்பியது போலக் கறுத்துத் தெரியும். ஐந்தாம் நாள் வாக்கில் பொருக்குத் தட்டி உதிர ஆரம்பிக்கும். உதிர்ந்த பிறகு, போட்ட நிறமே காணாமல் போய்விட்டதோ என்று தோன்றும் அளவுக்கு வெளுக்கும். அசல் நிறம் நிற்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். விட்டுப்போன இடங்களை நிரப்ப இரண்டாவது முறை உட்காருவதும் ஏறக்குறைய அப்போதுதான். மூன்று வாரத்தில் எடுக்கிற கல்யாண ஃபோட்டோவில் நீங்கள் பாதி ஆறிய புருவத்தோடு நிற்க வேண்டியிருக்கும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது கல்யாணத் தேதி இல்லை. "இரண்டு வருடமாக வால் பகுதி கொட்டுகிறது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான். பல வருடம் பிடுங்கிப் பிடுங்கி வேர் சோர்ந்து மெலிந்த புருவம் வேறு. பிடுங்குவதை நிறுத்திப் பல காலம் கழித்துப் புதிதாக உதிர்கிற புருவம் வேறு. தைராய்டு சுரப்பு குறைந்தால் புருவத்தின் வெளிப்பக்க மூன்றில் ஒரு பாகம் உதிரலாம் என்பது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த அடையாளம். இரும்புச்சத்துக் குறைவு, புழுவெட்டு, சில தோல் நோய்கள் என்று வேறு காரணங்களும் உண்டு. நெற்றி ஓரத்து முடி பின்வாங்கி, வேர் தழும்பாகிவிடுகிற ஒரு நோய் பல பெண்களுக்குப் புருவத்தில்தான் முதலில் தெரிகிறது. அதைச் சீக்கிரம் கண்டுபிடித்தால்தான் மிச்ச முடியைக் காப்பாற்ற முடியும். ஆகவே முதலில் ஒரு தோல் மருத்துவர், ஒரு ரத்தப் பரிசோதனை. தைராய்டுதான் காரணம் என்றால், மாத்திரை எடுத்துச் சில மாதத்தில் உங்கள் சொந்த முடியே திரும்பி வர வாய்ப்பிருக்கிறது. அதற்குள் ஊசி எதற்கு?

உங்கள் கணவர் கேட்டதைக் கோபப்படாமல் யோசித்துப் பாருங்கள். அவர் வைத்த பெயர் சரியான பெயர்தான். மைக்ரோபிளேடிங் என்பது வரிசையாகக் கோத்த நுண்ணிய ஊசிகளால் தோலில் முடி முடியாகக் கீறி நிறமியை இறக்குவது. பவுடர் ப்ரோ என்பது மெஷினால் புள்ளி புள்ளியாகக் குத்தி நிழல் போலப் பரப்புவது. இரண்டும் பச்சை குத்துவதுதான், ஆழம் மட்டும் குறைவு. ஆழம் குறைவு என்பதால் ஒன்று முதல் மூன்று வருடத்தில் மங்கும். மங்கும் என்றால் சுத்தமாக அழிந்துவிடும் என்று அர்த்தமில்லை. பழுப்பு நிறமி செம்மண் சாயலுக்குப் போகலாம், கறுப்பு நிறமி நீலச் சாம்பலாகலாம். பல வருடம் கழித்தும் ஒரு கறை நின்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். லேசரில் எடுத்துவிடலாம் என்பார்கள். அதிலும் ஒரு சிக்கல்: இந்த நிறமிகள் பலவற்றில் இரும்பு ஆக்சைடு இருக்கிறது. லேசர் பட்டதும் அது வேதி மாற்றம் அடைந்து இன்னும் கறுத்துவிடுவது உண்டு. பிறகு அந்தக் கறுப்பைக் கரைக்கத் திரும்பத் திரும்ப உட்கார வேண்டும்.

எண்ணெய் வழியும் முகம் என்று எழுதியதும் நல்லதாயிற்று. உங்கள் தோழிக்கு அழகாக நிற்கிற அந்த முடிக்கோடுகள் உங்கள் தோலில் நிற்பது சந்தேகம். எண்ணெய்ப்பசைத் தோலில் கோடுகள் சீக்கிரம் கலங்கி ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். என் உறவுக்காரப் பெண் ஒருத்திக்கு இப்படித்தான் ஆனது. முதல் வருடம் முடிவதற்குள் முடிக்கோடுகள் போய், சாம்பல் நிறத்தில் இரண்டு பட்டைகள் மிஞ்சின. அவள் அதை மறைக்கப் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். உங்களுக்குச் செய்வதானால் பவுடர் முறைதான் பொருந்தும்.

கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிறவர்களும் தள்ளிப்போடுவது நல்லது. கீலாய்டு என்கிற, புடைத்து வளரும் தழும்பு வருகிறவர்கள், கட்டுக்குள் வராத சர்க்கரை உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உட்காரவே கூடாது. வெண்புள்ளியோ சொரியாசிஸோ இருந்தால், குத்திய இடத்திலேயே அது புதிதாகக் கிளம்பலாம்.

இவ்வளவு சொல்வதால் நான் இதற்கு எதிரி என்று நினைக்காதீர்கள். புற்றுநோய்ச் சிகிச்சையில் புருவத்தை மொத்தமாக இழந்தவர்கள், கை நடுங்குவதால் பென்சில் பிடிக்க முடியாதவர்கள், பார்வை மங்கியவர்கள் இதைச் செய்துகொண்டு கண்ணாடி முன்னால் நிம்மதியாக நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இது ஆடம்பரமே இல்லை.

உங்களுக்கு உடலில் குறை எதுவும் இல்லை என்று தெரிந்தால், அல்லது சிகிச்சை முடிந்தும் முடி வரவில்லையென்றால், அப்போது முடிவெடுங்கள். அதற்கு உங்கள் பென்சிலே போதும். ஒரு மாதம் தினமும் ஒரே வடிவம், ஒரே அடர்த்தி வரையுங்கள். தினம் ஒரு ஃபோட்டோ எடுங்கள். பத்தாம் நாளே வளைவை மாற்றத் தோன்றினால், அந்த வளைவைத் தோலுக்குள் இறக்கக் கூடாது. ஒருமுறை அந்தக் காலத்து மோஸ்தரை நம்பிப் புருவத்தை இழந்தவர் நீங்கள். இன்றைய அடர்ந்த, உயரத் தூக்கிய புருவமும் ஒரு மோஸ்தர்தான். உங்கள் புருவ எலும்பு போகிற வழியில், உங்கள் பழைய ஃபோட்டோக்களில் இருக்கிற புருவத்தைத்தான் கேட்டு வாங்க வேண்டும். ஒரு சாயல் வெளிறியதாகவே தொடங்குங்கள். பிறகு அடர்த்தியாக்கலாம், குறைப்பது கஷ்டம்.

செய்கிறவரிடம் அன்றைக்கே எடுத்த படங்களைப் பார்த்து மயங்காதீர்கள். ஆறிய பிறகு, முடிந்தால் ஒரு வருடம் கழித்து எடுத்த படங்களைக் காட்டச் சொல்லுங்கள், அதுவும் எண்ணெய்ப்பசை முகங்களில். ஊசி உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும், ஒருவருக்குப் போட்டதை இன்னொருவருக்குப் போடக் கூடாது. மஞ்சள் காமாலைக் கிருமிகளும் எச்.ஐ.வி.யும் ஊசி வழியாகப் பரவக்கூடியவை, இதைக் கேட்க வெட்கமே வேண்டாம். நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது வடிவத்தை வரைந்து காட்டி, உங்கள் சம்மதத்தைக் கேட்கிறாரா என்று பாருங்கள். படுத்த நிலையில் முகம் வேறு மாதிரி இருக்கும். நிறமி ஒவ்வாமை தருகிறதா என்று முன்னதாகச் சிறு இடத்தில் போட்டுப் பார்க்கிற பேட்ச் டெஸ்ட் எதற்கு என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். செய்துகொண்ட பிறகு எப்போதாவது எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் அங்கே முன்கூட்டியே சொல்லுங்கள். அபூர்வமாகக் கொஞ்சம் எரிச்சல் வரலாம், அதற்காக ஸ்கேனைத் தவிர்க்க வேண்டியதில்லை.

கல்யாணத்துக்கு இப்போதைக்கு: மூன்று வாரமும் புருவத்தில் நூல் படாமல் விடுங்கள். முந்தின நாள் முகத்தை எண்ணெய் போகக் கழுவிவிட்டு, பென்சிலுக்குப் பதிலாகச் சாய்ந்த முனைப் பிரஷ்ஷில் புருவப் பவுடர் தொட்டுப் போட்டுப் பழகிப் பாருங்கள். வால் பகுதிக்கு மட்டும் தண்ணீரில் கரையாத பென்சில். மேலே ஜெல் தடவினால் கண்ணீர் வந்தாலும் நிற்கும். ரத்தப் பரிசோதனைக்கு இந்த வாரமே போய்விடுங்கள், முடிவு வந்ததும் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.