ஹைட்ரோபோனிக்ஸ் (மண்ணில்லாமல் தண்ணீரில் செடி வளர்ப்பு) தொட்டியில் பிஎச் (அமில-கார அளவு) இரண்டே நாளில் மறுபடி ஏறிவிடுவது ஏன்?

பெரும்பாலும் காரணம் தண்ணீரில் கரைந்துள்ள, காரத்தன்மை தரும் பைகார்பனேட். நீங்கள் விடும் அமிலத்தை அது கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். போதாததற்கு, செடி நைட்ரேட்டை உறிஞ்சும்போதும் பிஎச் ஏறும்; அது வேர் நன்றாக வேலை செய்வதன் அடையாளம், பயப்பட வேண்டாம்.

முதலில் உரக் கரைசலைக் கலக்குங்கள். அரை மணி நேரம் பம்ப் ஓடட்டும். அதன்பிறகே அளந்து சரிசெய்யுங்கள். உரமே பிஎச்சைக் குறைக்கும் என்பதால் இந்த வரிசையை மாற்றினால் அளவு தவறும். குறைக்க பாஸ்பாரிக் அமிலம், கூட்ட பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. பாட்டிலிலிருந்து நேராக ஊற்றாமல், ஒரு குவளைத் தண்ணீரில் நீர்த்துச் சிறிது சிறிதாக விட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்கவும். கையுறை கட்டாயம். வினிகர், எலுமிச்சை வேண்டாம்: நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்றதும் பிஎச் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

பிஎச்சை 5.8க்கு இறக்கி, 6.3 வரை தானாக ஏற விடுங்கள். தினமும் ஒரே எண்ணைத் துரத்துவது வீண்வேலை. 6.5ஐத் தாண்டினால்தான் சிக்கல். இரும்புச்சத்து கிடைக்காமல் இளந்தளிர் மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அப்போது உரத்தைக் கூட்டிப் பயனில்லை.

மீட்டரையும் சந்தேகியுங்கள். பிஎச் 7, 4 என்று அளவு உறுதியாகத் தெரிந்த பஃபர் கரைசல்களில் மாதம் ஒருமுறையாவது சரிபார்த்து, முனையை அதற்கான சேமிப்புத் திரவத்தில் வையுங்கள். காய்ந்த முனை பொய் சொல்லும்.